யத்தீமின் சொத்துக்கு யார் காப்பாளர்? வஸிய்யத்தின் மறக்கப்பட்ட பாதி

உஹதுப் போருக்குப் பிந்தைய நாட்கள். ஷஹீதாகிவிட்ட ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) அவர்களின் மனைவி, தம் இரு பெண்மக்களையும் அழைத்துக்கொண்டு அண்ணல் நபி (ஸல்) அவர்களின் சமுகத்திற்கு வந்தார். இவர்களின் தந்தை தங்களுடன் நின்று போரிட்டு உயிர் நீத்தார் என்றும், அவருடைய சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டார் என்றும், பொருளில்லாத இப்பெண்களை மணம் முடிக்க யார் முன்வருவர் என்றும் முறையிட்டார். இதற்கு அல்லாஹ்வே தீர்ப்பு வழங்குவான் என்று கூறி நபியவர்கள் அவரை அனுப்பி வைத்தார்கள். அதன் பின்னரே வாரிசுரிமை பற்றிய இறைவசனம் அருளப்பெற்றது. அச்சகோதரரை அழைத்து, மூன்றில் இரு பங்கைப் பெண்மக்களுக்கும், எட்டில் ஒரு பங்கை அவர்களின் தாய்க்கும் கொடுத்துவிட்டு, எஞ்சியதை எடுத்துக்கொள்ளுமாறு கட்டளையிட்டார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாகத் திர்மிதீ, அபூதாவூத் ஆகிய நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

ஃபராயிள் பாடத்தை மாணவர்க்கு நடத்தும்போது இந்நிகழ்ச்சியைத்தான் நாம் முதலில் கூறுவது வழக்கம். பங்குகளின் கணக்கு ஏட்டில் பிறந்ததன்று, ஒரு விதவையின் முறையீட்டில் பிறந்தது என்பதை அவர்கள் உணர வேண்டும் என்பதே நோக்கம். ஆயினும் அந்நிகழ்ச்சியில் நாம் போதிய கவனம் செலுத்தாத ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. மூன்றில் இரண்டு பங்கு அச்சிறுமியருக்கு உரியதாயிற்று. அதனை அவர்கள் வளர்ந்து ஆளாகும் வரை யார் காப்பது? யார் நிர்வகிப்பது? அவர்கள் சார்பில் யார் கையொப்பமிடுவது?

மயிலாப்பூரில் ஒரு வீடு

சில ஆண்டுகட்கு முன் மயிலாப்பூர்க் கச்சேரி சாலைக்கு அருகில் வாழும் ஒரு குடும்பத்தார், பங்குக் கணக்குப் போட்டுத் தருமாறு நம்மிடம் வந்தனர். நாற்பது வயதைக் கடந்திருந்த குடும்பத் தலைவர் திடீரென மறைந்துவிட்டார். மனைவி, இரு சிறு பெண்மக்கள், உடன்பிறந்த ஒரு சகோதரர் ஆகியோர் வாரிசுகள். கணக்கு எளியது. மொத்தத்தை 24 பாகமாக்கினால் மனைவிக்கு 3, பெண்மக்கள் இருவருக்கும் சேர்த்து 16, சகோதரருக்கு 5. வீட்டின் மதிப்பு 1 கோடியே 20 இலட்சம் ரூபாய் என்று கொண்டால் மனைவிக்கு 15 இலட்சம், ஒவ்வொரு மகளுக்கும் 40 இலட்சம், சகோதரருக்கு 25 இலட்சம். ஸஅத் (ரலி) அவர்களின் குடும்பத்தில் நிகழ்ந்த அதே பங்கீடு.

கணக்கில் எவருக்கும் மனக்குறை இல்லை. சகோதரரும் நல்லவர். பழைய வீட்டை இடித்து அடுக்ககம் கட்ட ஒரு கட்டட நிறுவனம் முன்வந்தது. குழந்தைகளின் படிப்புக்கும் அது வழிகோலும் என்று அனைவரும் மகிழ்ந்தனர். ஆனால் ஆவணங்களைப் பார்வையிட்ட வழக்கறிஞர் ஒரே வினாவை எழுப்பினார். இரு சிறுமியரின் 16 பாகங்களுக்கு யார் கையொப்பமிடப் போகிறீர்கள்? தாய்தான், வேறு யார் என்றனர் குடும்பத்தார். தாயின் கையொப்பம் செல்லாது என்றார் வழக்கறிஞர். அக்குடும்பம் நீதிமன்றத்தின் படியேறி, உத்தரவு பெற்று வருவதற்குள் கட்டட நிறுவனம் விலகிச் சென்றுவிட்டது.

மறைந்தவர் தம் வாழ்நாளில் ஒரு தாளில் சில வரிகள் எழுதியிருந்தால் இந்நிலை பெரும்பாலும் நேர்ந்திராது. அவ்வரிகள் யாவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹளானத்தும் விலாயத்தும்

ஃபிக்ஹு நூல்கள் குழந்தையின் பொறுப்பை இரண்டாகப் பிரிக்கின்றன. ஊட்டி, உடுத்தி, வளர்க்கும் பொறுப்பு ஹளானத். இதில் தாய்க்கே முதலிடம். குழந்தையின் பொருளை நிர்வகிக்கும் அதிகாரம் விலாயத். இது தந்தையைச் சார்ந்தது. தந்தைக்குப் பின் யார் என்பதில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. ஹனஃபி மத்ஹபில் தந்தை, அவர் நியமித்த வஸீ, பின்னர் தந்தையின் தந்தை, அவர் நியமித்த வஸீ, இறுதியில் காழி என்பது வரிசை. ஷாஃபிஈ மத்ஹபில் தந்தைக்கு அடுத்துத் தந்தையின் தந்தை வருகிறார். அதன் பின்னரே வஸீ. எனவே தகுதியுள்ள பாட்டனார் உயிருடன் இருக்கையில் தந்தை பிறரைத் தம் மக்கள் மீது வஸீயாக நியமிப்பது ஷாஃபிஈகளிடம் செல்லாது.

இந்திய நீதிமன்றங்களும் இவ்வரிசையையே ஏற்றுள்ளன. 1918ஆம் ஆண்டு இமாம்பந்தி வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்பு இதற்கு அடித்தளம். அதனை எழுதியவர் ஸையித் அமீர் அலீ. கணவனை இழந்த தாய் தன் சிறு பிள்ளைகளின் அசையாச் சொத்துப் பங்கை விற்ற வழக்கு அது. குழந்தை தாயிடம் வளர்வது மட்டுமே அவளுக்கு விற்கும் அதிகாரத்தைத் தந்துவிடாது. தந்தையோ நீதிமன்றமோ அவளை நியமித்திருக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். 1952இல் முஹம்மத் அமீன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே நெறியை மூத்த சகோதரருக்கும் பொருத்தியது. சிறுவன் சார்பில் அண்ணன் கையொப்பமிட்ட குடும்ப ஏற்பாடு செல்லாது என்றாயிற்று. உச்ச நீதிமன்றத்தின் இத்தகைய தீர்ப்புகளுக்குத் தான் கட்டுப்பட்டிருப்பதாகக் கூறி, 2022இல் கேரள உயர்நீதிமன்றமும் தாய் ஒருவர் சிறுவனின் சார்பில் செய்துகொண்ட பாகப்பிரிவினையை ஏற்க மறுத்தது.

இத்தீர்ப்புகளைக் காட்டி, இஸ்லாம் தாயை நம்பவில்லை என்று சிலர் எழுதுகின்றனர். நம்மவரில் சிலரோ பதில் கூற இயலாமல் மௌனம் காக்கின்றனர். இரு தரப்பாரும் வஸீ என்ற ஒரு சொல்லைப் பார்க்கத் தவறிவிட்டனர் என்றே கூற வேண்டும்.

தாயை வஸீயாக நியமித்தல்

வஸிய்யத் என்றதும் மூன்றில் ஒரு பங்குப் பொருளை யாருக்கேனும் எழுதி வைப்பது என்பதே நம் நினைவுக்கு வருகிறது. அது வஸிய்யத்தின் ஒரு பாதியே. தமக்குப் பின் தம் கடன்களைத் தீர்க்கவும், அமானிதங்களை ஒப்படைக்கவும், சிறு மக்களின் பொருளைக் காக்கவும் ஒருவரைப் பொறுப்பாளராக்குவது மறு பாதி. ஃபுகஹாக்கள் இதனை ஈஸா என்பர். பொறுப்பேற்பவர் வஸீ.

வஸீ ஆணாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் இதில் ஒன்றுபடுகின்றனர். உமர் (ரலி) அவர்கள் தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் தம் அறக்கொடையின் பொறுப்பை ஒப்படைத்தது இதற்குச் சான்றாகக் கூறப்படும். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ இன்னும் ஒரு படி முன்செல்கிறது. தகுதிகள் பொருந்தியிருப்பின், பிறரைவிடக் குழந்தைகளின் தாயே வஸீயாவதற்கு ஏற்றவள் என்பது அந்நூலின் நிலைப்பாடு. நம் கடற்கரை ஊர்களின் மத்ரஸாக்களில் தலைமுறைகளாக மதிக்கப்பட்டு வரும் நூல் அது. ஓதிய நாம் அதனை ஜமாஅத்துக்கு எடுத்துச் சொல்லவில்லை என்பது நம் குறையே.

ஆக, தாய் தானாகவே காப்பாளராவதில்லை; ஆனால் தந்தை நினைத்தால் அவளை ஆக்கலாம். நாட்டின் சட்டமும் இதற்குத் தடையாக இல்லை. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டம், சிறுவரின் சமயச் சட்டப்படி காப்பாளரை நியமிக்கும் உரிமையைத் தன் 6ஆம் பிரிவில் பாதுகாத்துள்ளது. வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்ற விதியும் இங்கே குறுக்கிடுவதில்லை. ஏனெனில் மனைவிக்கு நாம் எழுதுவது பொருளையன்று, பொறுப்பை.

அதே வேளையில் வஸீயின் அதிகாரம் எல்லையற்றதன்று. அநாதையின் பொருளை நல்லமுறையிலன்றி நெருங்காதீர் என்பது திருமறையின் கட்டளை. அதனை அநியாயமாக உண்போர் நெருப்பையே உண்கின்றனர் என்பது அந்நிஸாவின் 10ஆம் வசனம் விடுக்கும் எச்சரிக்கை. இதற்கேற்ப அசையாச் சொத்தை விற்பதற்கு ஃபுகஹாக்கள் கடும் வரையறை விதித்தனர். மறைந்தவரின் கடனைத் தீர்க்க வேறு வழியில்லாமை, குழந்தையின் உணவுக்கும் உடைக்கும் வேறு பொருள் இல்லாமை, சொத்து இடிந்து அழியும் நிலை, வருவாயைவிடச் செலவு மிகுதல், இருமடங்கு விலை கிடைத்தல் போன்றவையே ஹனஃபிகள் ஏற்ற காரணங்கள். தேவை அல்லது வெளிப்படையான ஆதாயம் என்பது ஷாஃபிஈகளின் அளவுகோல். இந்திய நீதிமன்றங்களும் வஸீ செய்த விற்பனையை இத்தகைய அளவுகோல்களைக் கொண்டே பரிசீலிக்கின்றன. ஆகவே வஸீயாக இருப்பவர் வரவு செலவுக் கணக்கை எழுதி வைப்பது மார்க்கக் கடமை மட்டுமன்று, தமக்குரிய பாதுகாப்புமாகும்.

பொறுப்பு எப்போது முடிகிறது? அநாதைகள் மணப்பருவத்தை அடைந்து, அவர்களிடம் பகுத்தறியும் திறனும் காணப்பட்டால் பொருளை ஒப்படைக்குமாறும், அப்போது சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறும் அந்நிஸாவின் 6ஆம் வசனம் பணிக்கிறது. நாட்டின் சட்டம் சொத்து விவகாரங்களுக்கு 18 வயதை எல்லையாக வைத்துள்ளது.

எழுதாமல் மறைந்துவிட்டால்

எழுதாமல் ஒருவர் மறைந்துவிட்டால் காழியின் இடத்தில் இன்று நீதிமன்றம் நிற்கிறது. 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்கீழ்த் தாயையே காப்பாளராக நியமிக்குமாறு மனுச் செய்யலாம். குழந்தையின் நலனைக் கருதி நீதிமன்றங்கள் தாயை நியமிப்பதுண்டு. ஆனால் அவ்வாறு நியமிக்கப்பட்ட காப்பாளர், 29ஆம் பிரிவின்படி, ஒவ்வொரு விற்பனைக்கும் அடைமானத்துக்கும் நீதிமன்றத்தின் முன் அனுமதி பெற வேண்டும். தந்தை நியமித்த வஸீக்கும் நீதிமன்றம் நியமித்த காப்பாளருக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே.

சென்னையில் எந்த நீதிமன்றத்தை அணுகுவது என்பதிலும் தெளிவு வேண்டும். குழந்தையை யார் வைத்திருப்பது, யார் பார்ப்பது என்பன போன்ற வழக்குகள் குடும்ப நீதிமன்றத்துக்கே உரியவை என்று 2023இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. சொத்துக் காப்பாண்மை அதனின் வேறானது. மனு எதைப் பற்றியது என்பதை வழக்கறிஞரிடம் முதலிலேயே பிரித்துச் சொல்வது காலவிரயத்தைத் தவிர்க்கும்.

செலவை எண்ணி அஞ்சும் விதவையர்க்கு ஒரு செய்தி. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு எதுவும் பாராமல் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை அளிக்கிறது. தமிழ்நாடு மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழு சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் இயங்குகிறது. 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் வழிகாட்டுதல் பெறலாம். ஸகாத் நிதியை எதிர்பார்த்து இவ்வுரிமையைக் கைவிட வேண்டியதில்லை.

பேரப் பிள்ளைகளுக்கு ஒரு பங்கு

வஸிய்யத்தின் முதற் பாதியிலும் நாம் பயன்படுத்தாத வாய்ப்பு ஒன்று உண்டு. தந்தை உயிருடன் இருக்கும்போதே ஒரு மகன் இறந்துவிட்டால், வேறு மகன் இருக்கும் நிலையில், இறந்தவரின் மக்கள் பாட்டனாரின் சொத்தில் வாரிசாவதில்லை. நெருங்கியவர் தூரத்தவரைத் தடுப்பார் என்பது ஃபராயிளின் அடிப்படை. இதனைக் கண்டு வருந்தாத உள்ளம் இல்லை. ஆனால் வாரிசு அல்லாதார் என்பதாலேயே அப்பேரப் பிள்ளைகள் வஸிய்யத்துக்கு முழுத் தகுதி உடையவராகின்றனர். மூன்றில் ஒரு பங்கு வரை அவர்களுக்கு எழுதலாம். எவருடைய இசைவும் தேவையில்லை.

எகிப்து 1946இல் இயற்றிய 71ஆம் எண் சட்டத்தில், பாட்டனார் எழுதாவிடினும் எழுதியதாகவே கொள்ளும் கட்டாய வஸிய்யத்தை அறிமுகப்படுத்தியது. அல்பகறாவின் 180ஆம் வசனமும், வாரிசல்லாத உறவினர்க்கு வஸிய்யத் கடமை என்ற இமாம் இப்னு ஹஸ்மின் கருத்தும் அதற்கு ஆதாரங்களாயின. சிரியா 1953இலும் மொராக்கோ 1958இலும் இவ்வழியைப் பின்பற்றின. பாகிஸ்தான் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் பேரர்க்குத் தந்தையின் பங்கையே நேரடியாக வழங்கியது. அது அறிஞர்களிடையே கடும் விவாதத்துக்கு உள்ளாயிற்று. இந்தியாவில் இவ்விரு ஏற்பாடுகளும் இல்லை. இங்கே பாட்டனாரின் பேனா ஒன்றே அக்குழந்தைகளுக்குத் துணை.

மூன்றில் ஒன்று என்ற வரம்பு, ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது நபியவர்கள் வகுத்தது. அதுவும் மிகுதியே என்று அவர்கள் குறிப்பிட்டதை மறத்தலாகாது.

ஹிபாவில் நேரும் பிழைகள்

தியாகராய நகரில் வாழும் அன்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: “எனக்கு மகள்கள் மட்டுமே. வீட்டை இப்போதே அவர்கள் பெயருக்கு எழுதிவிடலாமா?” ஹிபா ஆகுமானதே. வழங்குதல், ஏற்றல், கைவசம் ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் நிறைவேறினால் அது செல்லும். சிறு மக்களுக்குத் தந்தை வழங்கும்போது அவரே அவர்களின் காப்பாளர் என்பதால் தனியே ஒப்படைக்க வேண்டியதில்லை. மக்களிடையே நியாயம் பேண வேண்டும் என்பது நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் ஹதீஸ் தரும் பாடம். பிற வாரிசுகளுக்கு வஞ்சனை செய்வதே நோக்கமாயின், ஆவணம் செல்லுபடியானாலும் மறுமையின் கேள்வி நீங்காது.

ஆவணத்தின் சொற்களிலே பிழை புகுகிறது. தம் ஆயுள் வரை தாமே அனுபவித்து, தமக்குப் பின் மனைவி மக்களைச் சேர வேண்டும் என்ற வாசகத்தை ஆவண எழுத்தர்கள் பழக்கத்தால் எழுதிவிடுகின்றனர். உரிமையே மரணத்துக்குப் பின்தான் மாறும் என்று பொருள்படுமாயின், நம் சட்டத்தில் அது ஹிபாவன்று, வஸிய்யத். மனைவியும் மக்களும் வாரிசுகள் ஆதலால், மற்ற வாரிசுகள் இசையாவிடில் அது வீணாகும். மரண நோயில் செய்யும் ஹிபாவும் வஸிய்யத்தின் வரம்புக்கே உட்படும்.

ப்ரொபேட்டும் பிற சான்றுகளும்

சென்னை நகரில் உயில் என்றாலே ப்ரொபேட் எனப்படும் உயில் மெய்ப்பு வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவே அதற்குக் காரணம். சென்னை, மும்பை, கல்கத்தா ஆகிய பழைய மாகாணத் தலைநகர்களில் இந்துக்கள் முதலானோரின் உயில்களுக்கு அது பொருந்தியது. முஸ்லிமின் வஸிய்யத்துக்கு அப்பிரிவு ஒருபோதும் பொருந்தியதில்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அப்பிரிவையே நீக்கிவிட்டது. வங்கி வைப்பு, பங்குப் பத்திரம் போன்றவற்றைப் பெற வாரிசுரிமைச் சான்றிதழை நீதிமன்றத்தில் கோர நேரிடலாம். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் உறவினரை அடையாளம் காட்டும், பங்கை நிர்ணயிக்காது.

வங்கியிலும் நிறுவனப் பங்குகளிலும் நாமினியாக எழுதப்பட்டவர் உரிமையாளரல்லர். பொருளைப் பெற்று வாரிசுகளிடம் சேர்ப்பிக்கும் அமானிதக்காரர் அவர். நிறுவனப் பங்குகளைப் பொறுத்து 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. அடையாற்றில் அடுக்ககமும் தஞ்சைப் பக்கம் நன்செயும் உடையோர், விளைநிலத்துக்கு வேறு முறை உண்டு என எண்ண வேண்டா. 1949ஆம் ஆண்டின் சென்னை மாகாணத் திருத்தத்தால் தமிழகத்தில் விளைநிலமும் ஷரீஅத் பங்கீட்டின்கீழ் வந்துவிட்டது.

எழுத வேண்டுவன

வஸிய்யத்துக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை, பதிவும் கட்டாயமன்று. ஆயினும் நேர்மையான இரு சாட்சிகளின் கையொப்பத்தோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது பிற்காலச் சச்சரவைத் தவிர்க்கும். உள்ளடக்கம் மறைவாக இருக்க வேண்டுமென விரும்புவோர், உறையிலிட்டு முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் இடம் தருகிறது.

அதில் முதலில் கடன்கள் வரட்டும். மனைவிக்குத் தர வேண்டிய மஹ்ரும் கடனே. பின்னர் நிறைவேற்றப்படாத ஹஜ், ஸகாத் போன்றவையும் பிறர் நம்மிடம் வைத்த அமானிதங்களும். அடுத்து, வாரிசு அல்லாதார்க்கு மூன்றில் ஒன்றுக்குள் எழுத விரும்புவது. அதன்பின், ‘என் சிறு மக்களின் சொத்துக்கு அவர்களின் தாயை வஸீயாக நியமிக்கிறேன், அவருக்கு இயலாதபோது இன்னாரை நியமிக்கிறேன்’ என்ற வரி. இறுதியாக, தாம் பின்பற்றும் மத்ஹபின் பெயர். வழக்கு என்று வந்தால், எதுவும் குறிக்கப்படாதவிடத்துப் பெரும்பாலும் ஹனஃபி எனக் கொள்ளப்படும் வாய்ப்பு உண்டு. ஷாஃபிஈ குடும்பத்தார் பாட்டனார் உயிருடன் இருப்பின் அவருடன் அமர்ந்து பேசி, அவரும் தம் வஸிய்யத்தில் அதே தாயை நியமிக்குமாறு செய்துகொள்வது நலம்.

உஸ்மான் சாலையிலும் ஹபீபுல்லா சாலையிலும் நடக்கும்போது, இப்பெயர்களுக்குரிய சர் முஹம்மத் உஸ்மானையும் சர் முஹம்மத் ஹபீபுல்லாஹ்வையும் நாம் பெருமையோடு நினைத்துக்கொள்கிறோம். அத்தெருக்களின் வீடுகளில் படித்த நம்மவர் பலர் வாழ்கின்றனர். வீட்டுக் கடனுக்குப் பல பக்கங்களில் கையொப்பமிடத் தயங்காத அவர்கள், தம் மக்களுக்காக ஒரு பக்கம் எழுதத் தயங்குகின்றனர். மரணத்தைப் பற்றி எழுதினால் மரணம் நெருங்கிவிடும் என்ற அச்சம் நமக்குரியதன்று. வஸிய்யத் செய்ய வேண்டிய பொருள் உடைய முஸ்லிம், அதனை எழுதி வைக்காமல் இரு இரவுகளைக் கழிப்பது தகாது என்று நபியவர்கள் அறிவுறுத்தியதைக் கேட்ட நாள் முதல், தம் வஸிய்யத் தம்மிடம் இல்லாமல் ஓர் இரவும் கழிந்ததில்லை என்றார்கள் இப்னு உமர் (ரலி) அவர்கள்.

பங்குகளை அல்லாஹ்வே வகுத்துவிட்டான். அதில் நமக்கு வேலையில்லை. காப்பாளரை நியமிப்பதை நம்மிடம் விட்டான். விடப்பட்ட அப்பொறுப்பை இவ்வாரமே நிறைவேற்ற அவன் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக.